மோரிஸ் மைனரை யாரும் கழுவாதீர்கள்

மாமாவின் (மனைவியின் அப்பா) பதினாறாம் நாள் காரியம் முடிந்து உறவுக்காரர்கள் கிளம்பிப் போன மத்தியானம், மச்சான் கேரேஜ் கதவைத் தூக்கினார். உள்ளே 1959ஆம் வருடத்து மோரிஸ் மைனர் 1000 நின்றது. மேலே இரண்டு பழைய போர்வை, அதற்கு மேல் ஒரு பிளாஸ்டிக் விரிப்பு, விரிப்பின் மேல் தீபாவளிப் பாத்திரங்கள், காலி பெயின்ட் டப்பா, ஒரு சைக்கிள் சக்கரம். "இதை என்ன பண்றது?" என்றார். பொதுவாகக் கேட்டதுபோல இருந்தாலும் கேள்வி எனக்குத்தான். அவர் இருப்பது ஜோகன்னஸ்பர்க்கில், என் மனைவியின் தங்கை மெல்பர்னில். மாமி எப்போதோ போய்விட்டார். டர்பனில் மிச்சம் இருப்பது நாங்கள்.

வண்டி கைமாற ஒரு வருடமும் நாலு மாதமும் ஆனது. அதில் பாதி நாள் காகிதத்துக்குப் போனது, கால்வாசி என் முட்டாள்தனத்துக்கு. வீட்டில் இப்படி ஒரு பழைய வண்டியை வைத்துக்கொண்டு முழிக்கிறவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன். நான் மெக்கானிக் இல்லை. திருநெல்வேலியிலிருந்து 2004இல் வேலைக்கு வந்து, டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் பெண் எடுத்து, இங்கேயே தங்கிவிட்டவன். எனக்குத் தெரிந்த கார், சாவியைத் திருப்பினால் ஓடுகிற டொயோட்டா.

வண்டியை வாங்கியவர் மனைவியின் தாத்தா. கேட்டோ மேனரில் காய்கறித் தோட்டம் வைத்திருந்தார். கொத்தமல்லி, கத்தரி, வெண்டை. விடிவதற்குள் வார்விக் ஜங்ஷன் பக்கம் இருக்கும் எர்லி மார்னிங் மார்க்கெட்டில் கொண்டுபோய் இறக்க வேண்டும். 1934இல் தொடங்கிய அந்தச் சந்தை இன்றும் நடக்கிறது. முருங்கைக்காய்க்கு நானும் அங்கேதான் போகிறேன். லாரி வாங்க வசதியில்லை, கார் என்றால் பிள்ளைகளுக்கும் ஆகும் என்று இந்த மைனரைப் புதிதாக வாங்கியிருக்கிறார். ரசீது பவுண்டில் இருக்கிறது. தென்னாப்பிரிக்காவின் இப்போதைய நாணயமான ரேண்ட் வந்தது 1961 பிப்ரவரியில்தான். வாங்கிய வாரமே பின்சீட்டைக் கழற்றிப் பரணில் போட்டுவிட்டு, அந்த இடத்தில் கூடை அடுக்க ஆரம்பித்துவிட்டாராம். கல்யாணத்துக்கும், க்ளேர்வுட் கோயில் காவடிக்கும் மட்டும் சீட்டு கீழே இறங்கும். மறுநாள் திரும்பப் பரணேறும்.

இன்ன இனத்தவர் இன்ன பகுதியில்தான் வாழலாம் என்று நிறவெறி அரசு போட்ட குரூப் ஏரியாஸ் சட்டத்தில் தோட்டம் போயிற்று. அறுபதுகளின் நடுவில் சாட்ஸ்வொர்த்துக்கு வந்தபோது சாமிப் படங்களும் அம்மிக்கல்லும் இந்த வண்டியில்தான் வந்தன என்று அத்தை சொல்வார். (அத்தை என்பது மாமாவின் அக்கா. முறைப்படி எனக்குப் பெரியம்மா ஆக வேண்டும். மனைவி கூப்பிடுவதைக் கேட்டு நானும் அத்தை என்றே பிடித்துக்கொண்டேன், யாரும் திருத்தவில்லை.) தாத்தாவுக்குப் பிறகு வண்டி மாமாவுக்கு வந்தது. கண் மங்கியதும் மாமா ஓட்டுவதை நிறுத்தினார். ஆனாலும் மாதம் ஒரு தரம் எஞ்சினை ஓடவிட்டு, அடியில் சாக்கு விரித்துப் படுத்து கிரீஸ் அடிப்பார். அதையெல்லாம் ஒரு க்ராக்ஸ்லி நோட்டில் எழுதியும் வைப்பார். உடம்பு முடியாமல் போன கடைசி மூன்று வருடம்தான் வண்டி அப்படியே கிடந்தது.

இப்போது என் தப்புக்கு வருகிறேன். விற்கப் போகிறோம் என்று முடிவானதும் முதல் சனிக்கிழமை பிரஷர் வாஷர் ஒன்றை வாடகைக்கு எடுத்து வந்து வண்டியைக் கழுவினேன்.

நமக்கெல்லாம் அது இயல்பு. பெண் பார்க்க வருகிறார்கள் என்றால் வீட்டைத் துடைக்க மாட்டோமா? கரும்பச்சை பெயின்ட் வெளுத்து சுண்ணாம்பு பூத்ததுபோல் இருந்தது, நன்றாகத் தேய்த்தேன். எஞ்சின் மேல் அறுபது வருட எண்ணெய்ப் பிசுக்கு, அதையும் அடித்துக் கழுவினேன். பிளக்குகளுக்கு மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் தண்ணீர் போனது. கால்மிதிக்குக் கீழே இருந்த பழைய கம்பளியில் ஊறி, அதைக் காயவைக்க ஒரு வாரம் ஆனது. தரைத் தகடு துருப்பிடித்தால் மைனருக்கு அதுதான் சாவு என்று பிற்பாடுதான் தெரிந்தது. எல்லாவற்றையும்விட, முன் கண்ணாடியின் மூலையில் பழுப்பேறிக் காய்ந்து ஒட்டியிருந்த ஒரு காகிதச் சீட்டை பிளேடால் சுரண்டி எடுத்துக் குப்பையில் போட்டேன். சாயங்காலம் அத்தை வந்து பார்த்தார். "அப்பாவோட மார்க்கெட் சீட்டு எங்க?" என்றார். சந்தைக்குள் வண்டி நிறுத்த அந்தக் காலத்தில் கொடுத்த சீட்டாம். அறுபது வருட டர்பன் வெயிலையும் கடல் ஈரத்தையும் தாங்கி நின்ற காகிதம் என் கையில் இரண்டு நிமிடம் தாங்கவில்லை.

அடுத்து டிஸ்க் ஹோல்டரில் கை வைத்தபோது மனைவி தடுத்துவிட்டாள். இங்கே வருடா வருடம் லைசன்ஸ் கட்டினால் வட்டமான ஒரு சீட்டு தருவார்கள், அதைக் கண்ணாடியில் ஒட்ட வேண்டும். பலர் பழையதை எடுக்காமல் அதன் மேலேயே புதியதைச் செருகிவிடுவார்கள். மாமாவும் அப்படித்தான். அந்தக் கட்டு ஒரு பிஸ்கட் தடிமன் இருந்தது. அதைக் கடைசியில் யார் எப்படிப் பார்த்தார் என்று பிறகு சொல்கிறேன்.

கழுவிய கதையைக் கேட்டு, மனைவியின் அலுவலகத்தில் பழைய கார் பித்து உள்ள ஒருவர் வீட்டுக்கே வந்துவிட்டார். வந்ததும் முதல் வார்த்தை, "இனிமேல் எதையும் தொடாதீங்க." அவர் சொன்னதைக் கேட்ட பிறகுதான் 'ஒரிஜினல்' என்ற சொல்லுக்கு எனக்கு அர்த்தம் புரிந்தது. பெயின்ட் வெளுத்திருக்கலாம், ஆனால் அது 1959இல் ஆலையில் அடித்த பெயின்ட். திரும்ப அடித்தால் எவ்வளவு பளபளத்தாலும் அடியில் என்ன துரு, என்ன பட்டி என்று வாங்குபவருக்குத் தெரியாது. வெளுத்த பெயின்ட் எதையும் மறைப்பதில்லை. சீட்டுத் தோல் வெடிப்பும் அப்படியே இருக்கலாம், பம்பரின் குரோமியப் புள்ளிகளும் அப்படியே. வலது முன் மட்கார்டில் கோயில் கேட்டில் இடித்த நசுங்கல் ஒன்று உண்டு. அதைத் தட்டி எடுக்கலாமா என்று கேட்டேன். வாங்குகிறவர் வேண்டுமென்றால் எடுத்துக்கொள்வார் என்றார்.

அப்படியென்றால் எதையுமே மாற்றக் கூடாதா? அப்படி இல்லை. தேய்ந்து போவதற்கென்றே இருக்கிற சாமான்களை மாற்றலாம், மாற்றத்தான் வேண்டும். டயரின் பக்கவாட்டில் நாலு இலக்க எண் இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். எங்கள் டயர்கள் 2001இல் செய்தவை. பூ வரைந்தது போலப் பள்ளம் தெளிவாக இருந்தாலும் ரப்பர் கல்லாகிவிட்டது. நாலையும் மாற்றினோம். பிரேக் ஹோஸ்கள், ரேடியேட்டர் ஹோஸ்கள், பேட்டரி. பிரேக் எண்ணெய் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும், சும்மா நிற்கிற வண்டியில் சக்கர சிலிண்டர்கள் உள்ளேயே துருப்பிடித்து இறுகிவிடும். மைனரில் மாஸ்டர் சிலிண்டர் ஓட்டுகிறவர் காலடியில், தரைக்குக் கீழே சேஸுக்குள் புதைந்து கிடக்கிறது. அதை வெளியே எடுப்பதற்குள் எங்கள் மெக்கானிக் வாயில் வந்த வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. கழற்றிய பழைய பாகங்களை எல்லாம் ஒரு பெட்டியில் போட்டு, எது எங்கிருந்து எடுத்தது என்று சீட்டு கட்டி வைக்கச் சொன்னார் அந்த நண்பர். எதற்கு இந்தக் குப்பை என்று நினைத்தேன். அந்தப் பெட்டியும் வண்டியோடு போயிற்று.

டாங்கியில் கிடந்த பெட்ரோல் வார்னிஷ் போல நாறியது. அதை வடித்துக் கழுவியதும் ஒரு வேலை. இன்னொன்று, இந்த எஞ்சின் ஈயம் கலந்த பெட்ரோல் காலத்தது. இங்கே ஈயப் பெட்ரோல் 2006 ஜனவரியோடு நின்றுவிட்டது. ஈயம் இல்லாமல் ஓடும்போது வால்வு உட்காரும் இடம் தேயாமலிருக்க மருந்து ஊற்றி ஓட்டினீர்களா, இல்லை சிலிண்டர் ஹெட்டை மாற்றினீர்களா என்று விவரம் தெரிந்தவர்கள் அத்தனை பேரும் கேட்டார்கள். மாமா நோட்டில் மருந்து வாங்கிய கணக்கு இருந்தது. எனக்குத் தெரியாத பதிலெல்லாம் அந்த நோட்டில்தான் இருந்தது.

பேட்டரியில் இன்னொரு கண்டம் தப்பியது. புதுப் பேட்டரியை நானே மாட்டினேன். கறுப்பு வயர் உடம்புக்கு, சிவப்பு ஸ்டார்ட்டருக்கு, எல்லா காரிலும் போல. ஸ்டார்ட் செய்யப் போகும்போது மெக்கானிக் கையைப் பிடித்தார். அந்தக் காலத்து மைனரில் தலைகீழ். பாசிட்டிவ் முனைதான் உடம்போடு சேர வேண்டும். நான் மாட்டியபடி எஞ்சினை ஓடவிட்டிருந்தால் டைனமோவும் பேட்டரியும் எதிரெதிராக முட்டி, இரண்டுக்கும் நடுவே மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் கட்-அவுட் பெட்டி புகைந்திருக்கும். பழைய பிரிட்டிஷ் வண்டி என்றால் வயரைத் தொடும் முன் எது எர்த் என்று பாருங்கள்.

காகித விஷயம் சுவாரசியமில்லாதது, ஆனால் இதில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். தென்னாப்பிரிக்காவில் இறந்தவர் பெயரில் இருக்கும் காரை மகனோ மருமகனோ நேராக விற்க முடியாது. மாஸ்டர் ஆஃப் த ஹை கோர்ட் அலுவலகம் இறந்தவரின் சொத்தைப் பார்த்துக்கொள்ள எக்சிக்யூட்டர் என்று ஒருவரை நியமித்துக் கடிதம் தர வேண்டும். மொத்தச் சொத்து 2,50,000 ரேண்டுக்குள் அடங்கினால் லெட்டர் ஆஃப் அதாரிட்டி என்ற எளிய கடிதமே போதும். வீடும் இருந்ததால் எங்களுக்கு எக்சிக்யூட்டர் கடிதம்தான். உயிலில் மச்சான் பெயர் இருந்தது. கடன் பாக்கி உள்ளவர்கள் வரலாம் என்று அரசிதழிலும் உள்ளூர்ப் பத்திரிகையிலும் அறிவித்து 30 நாள் காத்திருந்தோம். என்ன முறையில் விற்கிறோம் என்பதற்கு வாரிசுகள் எல்லாரும் எழுத்தில் சம்மதம் தர வேண்டும். பணமும் மச்சான் கணக்குக்குப் போகக் கூடாது, எஸ்டேட் பெயரில் திறந்த கணக்குக்குத்தான் போக வேண்டும். கடிதம் வருமுன்னே ஒருவர் வீட்டு வாசலில் வந்து ரொக்கத்தை நீட்டினார். மச்சான் தொடவில்லை. அவர் கணக்காளர் என்பதால் பிழைத்தோம், நானாக இருந்தால் வாங்கியிருப்பேன்.

அப்புறம் பதிவுச் சான்றிதழ், ஆர்சி1 என்பார்கள். அதை வாங்கியதும் வண்டியிடம் போய், எஞ்சின் எண்ணையும் சேஸ் எண்ணையும் விரல் வைத்து ஒவ்வொரு இலக்கமாகச் சரிபாருங்கள். எங்கள் எஞ்சின் தகட்டில் 9எம் என்று தொடங்கும் எண் 3இல் முடிந்தது, காகிதத்தில் 8. எந்தக் காலத்திலோ யாரோ மங்கலான எழுத்தைத் தப்பாகப் படித்திருக்கிறார்கள். சும்மா விட்டிருந்தால் 'எஞ்சினை மாற்றிவிட்டார்கள்' என்று ஒரு சந்தேகம் வரும், ஒரிஜினல் என்ற பேச்சே அடிபடும். போலீஸ் சோதனைக்கு வண்டியைக் கொண்டுபோய்ச் சான்றிதழ் வாங்கித் திருத்தினோம். மூன்று வருட லைசன்ஸ் பாக்கியையும் அபராதத்தோடு கட்டினோம். வண்டி சாலையில் ஓடத் தகுதியானது என்று சொல்லும் ரோட்வொர்த்தி சான்றிதழ் இல்லாமல் பெயர் மாறாது என்று கேள்விப்பட்டு அதையும் அவசரமாக முன்கூட்டியே எடுத்தேன். அது 60 நாள்தான் செல்லும். ஆள் கிடைப்பதற்குள் காலாவதியாகி, இரண்டாம் முறை பணம் கட்டினேன். வாங்குபவர் உறுதியான பிறகு எடுப்பதே புத்திசாலித்தனம்.

அந்தக் காலத்து மைனர்கள் பல உதிரிகளாகக் கப்பலில் வந்து, கேப் டவுன் பக்கம் பிளாக்ஹீத் ஆலையில் பூட்டப்பட்டவை. இங்கிலாந்தில் கேய்டன் என்ற ஊரில் இருக்கும் பிரிட்டிஷ் மோட்டார் மியூசியம், பழைய ஆலைப் பதிவேட்டைப் பார்த்து வண்டிக்கு ஒரு சான்றிதழ் தரும். உதிரியாக வந்த வண்டிகளுக்கு அதில் விவரம் குறைவாகவே இருக்கும். காசு கட்டி வாங்குவதா வேண்டாமா என்று யோசித்து, தாத்தாவின் ரசீது இருக்கிறதே என்று விட்டுவிட்டோம். அது சரியான முடிவு என்றே இன்றும் நினைக்கிறேன்.

விலை என்ன வைப்பது? இணையத்தில் கேட்கிற விலையைப் பார்த்து மயங்காதீர்கள். ஆறு மாதமாக அதே விலையில் நிற்கிற விளம்பரம் எதற்கு உதவும்? மே மாதம் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் நடக்கும் கார்ஸ் இன் த பார்க் கண்காட்சிக்குப் போய், மைனர் வைத்திருந்த நாலைந்து பேரிடம் பேச்சுக் கொடுத்தேன். தான் எவ்வளவுக்கு வாங்கினேன் என்பதை வண்டிக்காரர்கள் மறைக்கவில்லை, பெருமையாகச் சொன்னார்கள். அதிலிருந்து ஒரு கணக்கு கிடைத்தது.

விளம்பரத்துக்குப் போட்ட படங்களில் அழகான படம் ஐந்துதான். மற்ற இருபதும் குறைகள். மட்கார்டு நசுங்கல், சீட்டு வெடிப்பு, கதவுக்குக் கீழ் ஓடும் பெட்டித் தகட்டில் விரல் நீளத்துக்குத் துரு, கூடை வைத்து வைத்துப் பள்ளமான பின்தரை. வெட்டிப் பேச்சுக்காரர்கள் பாதிப் பேர் படங்களோடு கழன்றுகொண்டார்கள். வந்தவர்கள் விவரம் தெரிந்து வந்தார்கள்.

முதலில் வந்தவர் ஒரு வியாபாரி. ஐந்து நிமிடம் சுற்றினார். "பெயின்ட் அடிக்காம இதை யாரும் தொட மாட்டாங்க, 30,000 தர்றேன்" என்றார். யாரும் தொடாத வண்டிக்கு இவர் ஏன் அலைகிறார் என்று மனைவி தமிழில் கேட்டாள். அவருக்குப் புரியவில்லை, எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

இரண்டாவது, டர்பன் பக்கத்து ஃபீனிக்ஸிலிருந்து ஒரு பையன். இருபத்தாறு வயதிருக்கும். வாயெல்லாம் கார். அவனுக்கு வேண்டியது மைனரின் உடம்பு மட்டும். 948 சிசி எஞ்சினைத் தூக்கிவிட்டு நிசான் 1400 பக்கி (சின்ன பிக்கப் வண்டி) எஞ்சினைப் பூட்டி, முன்னால் டிஸ்க் பிரேக் போட்டு, உயரத்தைக் குறைத்து ஓட்டுவானாம். 95,000 ரேண்ட் தருவதாகச் சொன்னான். அவன் மேல் எனக்குக் குறையே இல்லை. வண்டி கேரேஜில் செத்துக் கிடப்பதைவிட ஒரு இளவட்டம் கையில் பறந்தால் என்ன? என் தனி வண்டி என்றால் அவனுக்கே கொடுத்திருப்பேன். அத்தையிடம் சொன்னேன். "கைகாட்டியையும் எடுத்துடுவானா?" என்று மட்டும் கேட்டார். திரும்பும்போது கதவுத் தூணிலிருந்து சின்னக் கை ஒன்று ஆரஞ்சு விளக்கோடு எழுந்து நிற்குமே, அது. எடுத்துவிடுவான் என்றேன். அதற்கு மேல் அவர் பேசவில்லை.

மூன்றாவது ஆள் மாரிட்ஸ்பர்க்கிலிருந்து, ஓய்வு பெற்ற தச்சர், மனைவியோடு வந்தார். போனில் 70,000 வரை என்று சொல்லியிருந்தார். வந்து பெயின்டைப் பார்க்கவே இல்லை. காரிலிருந்து ஒரு சாக்கை எடுத்து விரித்து, டார்ச்சும் காந்தமும் கையில் பிடித்து அடியில் நுழைந்துவிட்டார். காந்தம் ஒட்டாத இடத்தில் தகடு இல்லை, பட்டிதான் இருக்கும். பெட்டித் தகடு, ஜாக்கி தாங்கும் இடம், பின் ஸ்பிரிங் மாட்டும் கொண்டி என்று வரிசையாகத் தட்டிக் கேட்டார். அப்புறம் முன்சக்கரத்தை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டினார். மைனரில் முன்சக்கரத்தைத் தாங்கும் கீழ் மூட்டுக்கு ட்ரனியன் என்று பெயர். கிரீஸ் இல்லாமல் அது தேய்ந்தால் சக்கரம் ஒரு நாள் மடிந்து விழும். இந்த வண்டிக்கே உரிய பழைய வியாதி. ஆட்டம் இல்லை என்றதும், "யார் கிரீஸ் அடித்தது?" என்று கேட்டார். மாமாவின் நோட்டைக் கொடுத்தேன்.

அவர் அதைப் படிக்க உட்கார்ந்தார், முக்கால் மணி நேரம் எழுந்திருக்கவில்லை. தேதி, மைல், என்ன செய்தது. நடுநடுவே 'கிரீஸ்' என்று மாமா தமிழில் எழுதியிருப்பார், சிறுவயதில் கோயில் பள்ளியில் படித்த எழுத்து. அந்தச் சொல் என்ன என்று அவர் கேட்டுத் தெரிந்துகொண்டு, பிறகு தானே விரல் வைத்து எண்ண ஆரம்பித்துவிட்டார். டிஸ்க் ஹோல்டரை மனைவி எடுத்துக் கொடுத்தாள். சீட்டுக்கட்டு பிரிப்பதுபோல ஒவ்வொன்றாக மேசையில் வைத்தார். வண்டி சும்மா கிடந்த கடைசி மூன்று வருடம் தவிர ஒரு வருடம்கூட விடவில்லை. கடைசியில் பரணிலிருந்து பின்சீட்டை இறக்கினோம். பிளாஸ்டிக்கைப் பிரித்ததும் அவர் மனைவி வாயைப் பொத்திக்கொண்டார். முன்சீட்டெல்லாம் வெடித்துக் கிடக்க, பின்சீட்டின் தோல் நேற்று தைத்தது போல இருந்தது. கூடை ஏற்றுவதற்காகத் தாத்தா கழற்றி வைத்தது.

முன் கண்ணாடி மூலையில் காகிதம் சுரண்டிய தடத்தை அவர் கவனித்தார். "இங்கே என்ன இருந்தது?" என்றார். சொன்னேன். ஒன்றும் சொல்லாமல் தலையை மட்டும் ஆட்டினார். வியாபாரி திட்டியிருந்தால்கூட அவ்வளவு உறைத்திருக்காது.

88,000 தருவதாகச் சொன்னார். நான் தூக்கிப் போட நினைத்த குப்பைக்கு 18,000 ரேண்ட்.

இங்கேதான் குடும்பத்தில் சிக்கல். பையன் கேட்ட விலை இதைவிட 7,000 அதிகம். எக்சிக்யூட்டர் தன் இஷ்டத்துக்குக் குறைந்த விலையில் விற்க முடியாது, நாளைக்குக் கேள்வி வரும் என்றார் மச்சான். அவர் சொன்னது நியாயம். பாசத்தில் எடுக்கிற முடிவுக்கும் கையெழுத்து வேண்டும். மூன்று வாரிசுகளும், குறைந்த விலை என்று தெரிந்தே இவருக்கு விற்கச் சம்மதிக்கிறோம் என்று எழுதிக் கொடுத்த பிறகுதான் விற்பனை நடந்தது. மெல்பர்ன் தங்கையின் கடிதம் வரத்தான் நாளானது. அவள் காரின் பக்கத்தில் தான் பாவாடை சட்டையோடு நிற்கிற படத்தைத் தேடி எடுத்து, அதோடு சேர்த்து அனுப்பினாள்.

ஒப்பந்தத்தில் 'ஃபூட்ஸ்டூட்ஸ்' என்று ஒரு வார்த்தை போட்டோம். டச்சுக்காரர்கள் சட்டத்தில் விட்டுப்போன சொல், உள்ளது உள்ளபடி விற்கிறேன் என்று அர்த்தம். அதை எழுதிவிட்டால் எல்லாவற்றிலிருந்தும் தப்பிக்கலாம் என்று நினைக்காதீர்கள். தெரிந்த கோளாறை மறைத்து விற்றால் அந்த வார்த்தை காப்பாற்றாது. நாங்கள் தெரிந்த குறை அத்தனையையும் ஒரு தாளில் எழுதி, இரண்டு தரப்பும் கையெழுத்துப் போட்டோம். பணம் அனுப்பிவிட்டேன் என்று போனில் காட்டும் ரசீதை நம்பிச் சாவியைக் கொடுப்பதும் வேண்டாம்; போலி ரசீது இங்கே சர்வசாதாரணம். எஸ்டேட் கணக்கில் பணம் ஏறியதை மச்சான் கண்ணால் பார்த்துச் சொன்ன பிறகே சாவி மாறியது. தச்சர் இதையெல்லாம் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. அவரும் அப்படித்தான் செய்வாராம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வண்டி கிளம்பியது. வருகிற வண்டிக்கான வழக்கத்தைத்தான் பார்த்திருக்கிறேன். புது வண்டி வந்தால் கற்பூரம், தேங்காய், சக்கரத்துக்கடியில் எலுமிச்சம்பழம். போகிற வண்டிக்கு என்ன வழக்கம் என்று தெரியாது. அத்தையிடம் கேட்டேன். "அவங்களுக்கு இது புது வண்டிதானே" என்று நாலு பழத்தோடு வந்துவிட்டார். பின்சீட்டு பூட்டியிருந்தது. போவதற்கு முன் தெருமுனை வரை அதில் உட்கார்ந்து போய்வந்தார், தன் கல்யாணத்துக்குப் பிறகு முதல் தடவையாக. டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு போகலாமே என்று தச்சரிடம் கேட்டதற்கு, ஓட்டத்தானே வாங்கினேன் என்றார். பைன்டவுன் தாண்டி, காம்ரேட்ஸ் மாரத்தான்காரர்கள் மூச்சு வாங்கும் ஃபீல்ட்ஸ் ஹில் ஏற்றத்தில் பின்னால் வந்தவர்கள் எல்லாம் ஹார்ன் அடித்தார்களாம். கோபமாக இல்லை, சந்தோஷமாக என்று சாயங்காலம் போனில் சொன்னார்.

கடைசித் தப்பும் என்னுடையதுதான். வண்டி கைமாறியதும் விற்றவர் பக்கத்திலிருந்து, உரிமையாளர் மாறியதை அறிவிக்கும் என்சிஓ என்ற படிவத்தைக் கொடுத்துவிட வேண்டும். வாங்கியவர் தன் பெயருக்கு மாற்றிக்கொள்ள 21 நாள் இருக்கிறது. அதுவரை அந்தப் படிவம்தான் நமக்குப் பாதுகாப்பு. மச்சான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனதை, நாளைக்கு நாளைக்கு என்று பத்து நாள் என் பையிலேயே வைத்திருந்தேன்.

அடுத்த மாதம் மாமா பெயருக்கு ஒரு கவர் வந்தது. மாரிட்ஸ்பர்க்கில் 60 கிலோமீட்டர் எல்லையில் 71இல் போனதற்கு அபராதம். கேமராப் படத்தில் கரும்பச்சை மைனரின் முதுகு. தேதி, வண்டி போன நாலாம் நாள். மாமா காலமாகி ஒன்றரை வருடம் ஆகப் போகிறது. மனைவி படித்துவிட்டு என்னிடம் நீட்டினாள், நான் அத்தைக்குப் படித்துக் காட்டினேன்.

"எங்க தம்பி அறுபதைத் தாண்டினவனே இல்லையே" என்றார் அத்தை.

தச்சரிடம் சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்து, அன்றைக்கே பணத்தைக் கட்டிவிட்டார். கட்டிய ரசீதை அவர் அனுப்பியதும் கோப்பில் வைத்தேன். அந்த நோட்டீஸை மனைவி தரவில்லை. ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்திருக்கிறாள்.